துப்பாக்கி இறங்கிய படகு



தமிழில் நாம் படத்தைப் 'பிடிக்கின்றோம்'. மீனைப் பிடிப்பது போல, தும்பியைப் பிடிப்பது போலப் படத்தையும் பிடிக்கின்றோம். ஆங்கிலேயரோ படத்தைச் 'சுடுகின்றார்கள்'. துப்பாக்கியால் ஒரு பறவையை வீழ்த்துவதற்கும் கமராவால் அதே பறவையைப் படமெடுப்பதற்கும் அவர்களது மொழியில் வினைச்சொல் ஒன்றுதான். 'ஸ்னாப்ஷொட்' என்று இன்று உலகமெங்கும் வழங்கும் சொல்லும் வேட்டைக்காரரின் சொல்லே. நின்று குறிபாராமல், பறவை எழுந்த கணத்திலேயே சட்டென்று சுடும் வேட்டுக்கு அது பெயராக இருந்தது. 1860ஆம் ஆண்டில் வானியல் அறிஞர் ஜோன் ஹேர்ஷல் அதனை ஒளிப்படத்துக்கு எடுத்து ஆண்டார்.

சொற்கள் இவ்வாறு ஒரு தொழிலிலிருந்து இன்னொரு தொழிலுக்குக் குடிபெயர்வது இலக்கணம் படித்தவர்களுக்குப் புதினமன்று. ஆனால் இந்தச் சொல் குடிபெயர்ந்த பாதையில் ஒரு படகும் சென்றிருக்கின்றது. அதே கரை, அதே பாறை, அதே பருவம். முன்னர் துப்பாக்கியோடு ஏறியவர்களின் இடத்தில் பின்னர் கமராவோடு ஏறியவர்கள். கடலிலே பாய்ந்து இரைதேடும் பறவைகளைப் படகிலிருந்து படம்பிடிக்கும் கலையின் வரலாற்றை இந்தப் படகிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில், யோர்க்ஷயர் பகுதியிலே பிளாம்பறோ முனை என்றொரு நிலமுனை வடகடலுக்குள் நீண்டு நிற்கின்றது. அதனையடுத்துப் பெம்ரன் என்னும் கிராமம். அங்கே சுண்ணக்கல் மலைமுகங்கள் வெள்ளை வெளேரெனச் செங்குத்தாகக் கடலில் இறங்குகின்றன. சில இடங்களில் அவற்றின் உயரம் நூறு மீற்றருக்கு மேல். ஆண்டின் பெரும்பகுதியை நடுக்கடலிலேயே கழிக்கும் பறவைகள், குஞ்சு பொரிக்கும் காலத்துக்கு மட்டும் இந்தப் பாறை விளிம்புகளுக்கு வந்து சேரும். கிற்றிவேக் எனப்படும் சிறிய கடற்காகங்களும், கில்லெமொற் என்னும் கறுப்பு வெள்ளைப் பறவைகளும் ஓரடி அகலமும் இல்லாத தட்டுகளில் தோளோடு தோள் உரசி நிற்கும். மனிதர் மேலிருந்து இறங்கவும் கீழிருந்து ஏறவும் இயலாத இடம். பறவைகள் அதனைத் தெரிந்தெடுத்ததும் அதற்காகவே. ஆனால் படகில் வந்து கீழே நிற்பவனிடம் துப்பாக்கி இருந்தால் அந்தப் பாதுகாப்பு ஒன்றுமில்லாமற் போய்விடும்.

1846ஆம் ஆண்டில் ஹல் நகரிலிருந்து பிறிட்லிங்ரன் துறைமுகத்துக்குப் புகையிரதப் பாதை திறக்கப்பட்டது. கைத்தொழில் நகரங்களிலிருந்து விடுமுறைக்கு வருவோர் தொகை பெருகிற்று. அவர்களுக்கு ஒரு பொழுதுபோக்கு வேண்டியிருந்தது. துப்பாக்கியுடன் வள்ளத்தில் ஏறி, மலைமுகத்தின் அடிக்குச் சென்று, கூட்டிலிருக்கும் பறவைகளை நோக்கிச் சுடுவதே அந்தப் பொழுதுபோக்கு. குறி தவறுவதற்கே இடமில்லை. பறவைகள் அவ்வளவு நெருக்கமாக இருந்தன. விழுந்தவற்றில் பெரும்பாலானவற்றை எவரும் பொறுக்கவில்லை. தாய் விழுந்த கூட்டிலே குஞ்சுகள் பட்டினியால் மடிந்தன. பொறுக்கியவற்றுக்கும் ஒரு சந்தை இருந்தது. கிற்றிவேக் பறவையின் வெண்சாம்பற் சிறகு அக்காலச் சீமாட்டிகளின் தொப்பிகளுக்கு அணியாகச் சென்றது.

இதனைக் கண்டு முதலிலே மனங்கொதித்தவர்களுள் ஒருவர் பிறிட்லிங்ரன் ஊரின் மதகுரு ஹென்றி பார்ன்ஸ். 1868ஆம் ஆண்டில் கடற்பறவைகளின் பாதுகாப்புக்கென ஒரு சங்கத்தைக் கூட்டுவதில் அவர் முன்னின்றார். அதே ஆண்டில் நோர்விச் நகரில் நடந்த விஞ்ஞானிகள் மாநாட்டில் கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழக விலங்கியற் பேராசிரியர் அல்பிரட் நியூட்டன் இந்தக் கொலையை வெளிப்படையாகக் கண்டித்துப் பேசினார். அடுத்த ஆண்டே, அதாவது 1869ஆம் ஆண்டு யூன் மாதத்தில், கடற்பறவைகள் பாதுகாப்புச் சட்டம் பிரித்தானியப் பாராளுமன்றத்தில் நிறைவேறிற்று. ஏப்ரல் முதலாந் திகதி தொடக்கம் ஓகஸ்ட் முதலாந் திகதி வரை கடற்பறவைகளைக் கொல்லுதல் குற்றமாயிற்று. பிரித்தானியாவில் காட்டுப்பறவைகளைக் காக்க எழுந்த தற்காலச் சட்டங்களுக்கு இதுவே முன்னோடி.

அந்த வாதத்தில் ஒரு நுட்பம் உண்டு. பறவைகள்மேல் இரக்கங் காட்டுங்கள் என்று மட்டும் கேட்டிருந்தால் சட்டம் வந்திருக்குமோ என்னவோ. பறவைகளால் மனிதருக்கு என்ன பயன் என்றும் எடுத்துக் காட்டினார்கள். மூடுபனிக் காலத்தில் பாறையிலிருந்து எழும் பறவைகளின் இரைச்சலே மாலுமிகளுக்கு எச்சரிக்கை. அதனால் அக்கரைக் கடலோடிகள் அவற்றைப் 'பிளாம்பறோ வழிகாட்டிகள்' என்றே அழைத்தனர். பறவைகள் கூடும் இடத்தைப் பார்த்தே ஹெறிங் மீன் கூட்டம் எங்கே என்று மீனவர் அறிந்தனர். இரக்கத்துக்குத் துணையாகப் பயனையும் கூட்டிச்சென்றால்தான் சட்டமன்ற வாசல் திறக்கும் போலும்.

சட்டமூலத்தைக் கொண்டுவந்தவர் கிறிஸ்தோபர் சைக்ஸ் என்னும் உறுப்பினர். சபையிலே அதிகம் வாய் திறவாதவர். வேல்ஸ் இளவரசரின் நண்பர் குழாத்தில் ஒருவர். ஒரு விருந்தில் இளவரசர் அவர் தலையிலே பிராந்தியை ஊற்றி விளையாடியபோதும் முகஞ் சுளிக்காமல் இருந்தவர் என்று அவரைப் பற்றி ஒரு கதை உண்டு. விருந்திலே எல்லாரும் நகைத்த மனிதர் சபையிலே பறவைகளுக்காகப் பேசினார். வரலாறு அவரை இதற்காகத்தான் நினைவில் வைத்திருக்கின்றது.

சட்டத்தில் ஓட்டைகளும் இருந்தன. முட்டைகளுக்கு அது பாதுகாப்பு அளிக்கவில்லை. பெம்ரன் கிராமத்தவர் வடக்கயிற்றில் இறங்கி முட்டை எடுக்கும் தொழிலை 1954ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை தொடர்ந்தனர். சென் கில்டா என்னும் தொலைதூரத் தீவுக்கு 1869ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே விலக்கு அளிக்கப்பட்டது. அத்தீவு மக்களுக்குக் கடற்பறவையே உணவு. விளையாட்டுக்காகக் கொல்பவனையும் வயிற்றுக்காகக் கொல்பவனையும் சட்டம் வேறுபடுத்திப் பார்த்தது நியாயமே.

இனிக் கமராவுக்கு வருவோம். 1882ஆம் ஆண்டு. இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரக் கடற்கரையில் பிரெஞ்சு உடலியல் அறிஞர் எத்தியேன் யூல் மரே ஒரு விசித்திரமான துப்பாக்கியுடன் உலாவினார். குழல் இருந்தது, விசை இருந்தது, தோளில் ஊன்றும் கட்டையும் இருந்தது. குண்டு மாத்திரம் இல்லை. குண்டு இருக்க வேண்டிய இடத்தில் சுழலும் கண்ணாடித் தட்டு. விசையை அழுத்தினால் ஒரு செக்கனுக்கு 12 படங்கள் அத்தட்டிலே பதியும். பறக்கும் கடற்காகங்களை அவர் இவ்வாறு 'சுட்டார்'. ஒரு பறவையும் விழவில்லை. நாள்தோறும் பறவைகளைக் குறிபார்த்துவிட்டு வெறுங்கையுடன் வீடு திரும்பிய அவரை அயலவர்கள் பைத்தியம் என்று பேசிக்கொண்டனராம். சினிமாவின் முன்னோடிகளில் ஒருவராக இன்று உலகம் அவரைக் கொண்டாடுகின்றது. வேட்டைத் துப்பாக்கி கமராவாக உருமாறியதற்கு இதைவிட நேரடியான சாட்சி வேண்டுமா?

யோர்க்ஷயரில் பிறந்த றிச்சர்ட் கேர்ட்டன், செறி கேர்ட்டன் சகோதரர்கள் அடுத்து வருகின்றார்கள். 1892ஆம் ஆண்டில் முட்டைகளோடு கூடிய ஒரு பாடும் பறவையின் கூட்டைப் படம்பிடித்து அவர்கள் தமது பணியைத் தொடங்கினர். 1895ஆம் ஆண்டில் வெளிவந்த அவர்களது பறவைக்கூடுகள் பற்றிய நூல் முழுவதும் இயற்கையிலே எடுத்த ஒளிப்படங்களால் அமைந்தது. அடுத்த ஆண்டிலே சென் கில்டாவுக்குக் கடல் கடந்து சென்றனர். பறவை பயந்துவிடாதிருக்க உள்ளீடற்ற எருதுத் தோலுக்குள் ஒளிந்திருந்து படமெடுத்தவர்களும் இவர்களே. கண்ணாடித் தட்டுகளின் பாரத்தைச் சுமந்து, கயிற்றில் தொங்கி, பாறை விளிம்புப் பறவைகளை அவர்கள் படம்பிடித்தார்கள். ஆயினும் அப்படங்களிற் பெரும்பாலானவை இருக்கும் பறவையின் படங்கள். பாயும் பறவை அக்காலக் கருவிகளுக்குள் எளிதில் அகப்படவில்லை.

ஏன் அகப்படவில்லை என்பதை ஒரு சிறு கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். கனெற் என்ற பறவையை எடுத்துக்கொள்வோம். வெண்ணிற உடல், கறுத்த சிறகு நுனி, மஞ்சள் பூசிய தலை. விரித்த சிறகின் அகலம் ஏறக்குறைய ஆறடி; எடை மூன்று கிலோகிராம் வரை. கடல் மட்டத்திலிருந்து 30 மீற்றர் வரையான உயரத்திலிருந்து அது தலைகீழாகப் பாயும். நீரைத் தொடும்போது அதன் வேகம் செக்கனுக்கு 24 மீற்றர் வரை இருக்கலாம். மணிக்கு 86 கிலோமீற்றர்! கமராவின் ஷட்டர் ஒரு செக்கனில் நூறில் ஒரு பங்கு நேரம் திறந்திருந்தால், அதற்குள் பறவை 24 சென்ரிமீற்றர் கீழே போய்விடும். படத்திலே பறவைக்குப் பதிலாக ஒரு வெள்ளைக் கோடுதான் எஞ்சும். ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்தாலும் அது இரண்டரை சென்ரிமீற்றர் அளவுக்கு நகர்ந்துவிடும். அதனால் இன்றைய படப்பிடிப்பாளர் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு, அதனினும் குறைந்த நேரம் என்று போகின்றார்கள். இது பறவையின் கணக்கு மட்டுமே. காலின் கீழே படகும் ஆடிக்கொண்டிருக்கின்றது. எந்தப் பறவை எப்போது சிறகை மடிக்கும் என்று முன்கூட்டி அறிவதோ எளிதன்று.

அசையாப் படத்துக்கு எட்டாததைச் சினிமா முதலில் எட்டிப் பிடித்தது. 1934ஆம் ஆண்டில் விலங்கியல் அறிஞர் ஜூலியன் ஹக்ஸ்லி, றொனால்ட் லொக்லி என்னும் இயற்கையியலாளருடன் சேர்ந்து, வேல்ஸ் கரைக்கு அப்பாலுள்ள கிறாஸ்ஹோம் தீவிலே கனெற்றுகளின் வாழ்க்கையைப் பற்றி ஒரு குறும்படம் எடுத்தார். 'கனெற்றுகளின் அந்தரங்க வாழ்க்கை' என்று அதன் பெயரைத் தமிழாக்கலாம். பின்னாளில் யுனெஸ்கோவின் முதலாவது பணிப்பாளர் நாயகமாக விளங்கிய அதே ஹக்ஸ்லிதான். கூடு, காதல், குஞ்சு எல்லாம் தீவிலே நின்று எடுக்கப்பட்டன. ஆனால் பாய்ச்சலைத் தீவில் நின்று எடுக்க முடியாது. மீன் இருக்கும் இடத்துக்கல்லவா போக வேண்டும்! இறுதியில் வரும் பாய்ச்சற் காட்சிகளை ஜோன் கிறியர்சன் மீன்பிடிப் படகிலிருந்து எடுத்துக் கொடுத்தார். வேகத்தைக் குறைத்துக் காட்டும் முறையிலே திரையில் அவை ஓடியபோது, பறவை விழும் அந்தக் கணப்பொழுதை மக்கள் நிதானமாக இருந்து பார்த்தனர். அப்படத்துக்கு 1937ஆம் ஆண்டுக்குரிய ஒஸ்கார் விருதும் கிடைத்தது.

கிறியர்சன் எப்படி அந்தப் படகுக்கு வந்தார் என்று கேட்கலாம். 1929ஆம் ஆண்டில் ஹெறிங் மீனவரின் வாழ்க்கையைப் படமாக்கிப் புகழ்பெற்றவர் அவர். அந்தக் கடல் அவருக்குப் பழகிய கடல். நமக்கும் அவர் அந்நியரல்லர். 1934ஆம் ஆண்டில் அவரது தயாரிப்பில் பசில் றைட் இலங்கைக்கு வந்து 'சோங் ஒஃப் சிலோன்' என்னும் விவரணப்படத்தை எடுத்தார். அதற்குக் குரல் கொடுத்தவர் கொழும்பிலே வாழ்ந்த ஒளிப்படக் கலைஞர் லயனல் வென்ற். அப்படத்தைப் பார்த்தவர்களுக்கு, மணியோசையோடு நீர்மேல் விரைந்து பறக்கும் அந்தப் பறவைக் காட்சி நினைவிருக்கும். ஒரே காலப்பகுதியில் ஒரே கூட்டத்தாரின் கமரா வடகடலிலும் நம் நாட்டு நீர்நிலையிலும் பறவையைப் பின்தொடர்ந்திருக்கின்றது. நமது இலக்கியக் கூட்டங்களில் இது போதியளவு பேசப்படவில்லை என்பது என் குறை.

நிற்க. பாய்ச்சலை நிறுத்திப் பார்த்ததனால் நாம் கண்டது என்ன? கண்ணால் பார்ப்பவனுக்கு அது வானத்திலிருந்து எறிந்த கல். படத்திலோ ஒவ்வொரு நிலையும் தனித்தனியே தெரிகின்றது. பறவை முதலில் சிறகைப் பாதி மடித்து, உடலைத் திருப்பித் திருப்பிக் குறியைச் சரிசெய்கின்றது. இரு கண்களும் முன்னோக்கி ஒரே இலக்கில் நிற்கின்றன. நீரைத் தொடுவதற்குச் சற்று முன்னர் சிறகுகளை வாலுக்கும் அப்பால் பின்னோக்கி நீட்டிவிடுகின்றது. அந்த நிலையில் அதற்குச் சிறகு உண்டென்றே சொல்ல முடியாது. அலகிலிருந்து வால்வரை ஒரு அம்பு. மற்றப் பறவைகளுக்கு இருப்பதுபோல் வெளியே திறந்த நாசித்துவாரம் இதற்கில்லை. இருந்தால் நீர் மூளைக்கே ஏறிவிடும்! முகத்திலும் மார்பிலும் தோலின் கீழ்க் காற்றுப் பைகள் மெத்தைபோல் இருந்து அடியைத் தாங்குகின்றன. பாய்ந்த வேகத்தில் சில மீற்றர் ஆழம் போய், பின்னர் சிறகாலும் காலாலும் நீந்தி 20 மீற்றருக்கு அப்பாலும் அது செல்லும்.

ஒரு வினா நெடுநாள் இருந்தது. இத்தனை வேகத்தில் மோதும்போது அந்த நீண்ட மெல்லிய கழுத்து ஏன் முறிவதில்லை? 2016ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்கள் கனெற் பறவையின் மண்டையோட்டை மாதிரியாகச் செய்து நீரிலே மோதவிட்டு ஆராய்ந்தனர். தலையின் வடிவமும், கழுத்தின் நீளமும், கழுத்துத் தசைகளின் இறுக்கமும் ஒன்றுக்கொன்று பொருந்தியிருப்பதால், பறவை பாயும் வேகத்தில் கழுத்து வளைந்து ஒடிவதில்லை என்று கண்டனர்.

இன்று பிறிட்லிங்ரன் துறைமுகத்திலிருந்து பறவை பார்க்கும் படகுகள் புறப்படுகின்றன. துப்பாக்கிக்காரரின் காலத்தில் பெம்ரனில் கனெற் கூடு கட்டியதில்லை. 1960களுக்குப் பின்னரே அங்கே அது நிலையாகப் பெருகிற்று. 2017ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 13,000 சோடிகளுக்கு மேல். கொலைக்களமாக இருந்த மலைமுகத்திற்குப் புதிய குடிகள் வந்து சேர்ந்திருக்கின்றன.

படப்பிடிப்புக்கென்றே செல்லும் படகுகளில் ஒரு வழக்கம் உண்டு. கடலிலே மீனை எறிவார்கள். எறிந்த சில நிமிடங்களில் நூற்றுக்கணக்கான கனெற்றுகள் படகைச் சூழ்ந்துவிடும். லென்ஸுக்கு நேரே பாய்ச்சல் மழை பெய்யும். கடலிலே நாட்கணக்கில் காத்திருந்தும் கிடைக்காத படம் ஒரு காலைப்பொழுதில் நூறாகக் கிடைக்கும். இது தவறா? துப்பாக்கியோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமேயில்லை. பறவைக்கு ஒரு வேளை உணவு கிடைக்கின்றது, அவ்வளவே. ஆயினும் எனக்கு ஒரு நெருடல் இருக்கின்றது. எறிந்த மீனுக்குப் பாயும் பறவையின் படத்தில் பறவை இருக்கின்றது, அதன் தேடல் இல்லை. உயரத்தில் தனியே வட்டமிட்டு, நீருக்குள் அசையும் நிழலைக் கண்டு, ஒருமுறை தயங்கி, பின் விழும் பறவையின் படம் வேறு. சில ஒளிப்படப் போட்டிகள் இரையிட்டு எடுத்த படமாயின் அதனை வெளிப்படையாகச் சொல்லும்படி கேட்கின்றன. அது சரியான ஏற்பாடு. தம் படத்துக்குக் கீழே அதனை எழுதுவதற்கு நேர்மையான கலைஞர் எவரும் கூச வேண்டியதில்லை.

ஸ்கொத்லாந்தின் கிழக்குக் கரையில் பாஸ் றொக் என்ற ஒற்றைப் பாறைத் தீவு உண்டு. கனெற்றின் விஞ்ஞானப் பெயரிலேயே அத்தீவின் பெயர் ஒட்டியிருக்கின்றது. 2014ஆம் ஆண்டில் அங்கே 75,000க்கு மேற்பட்ட கூட்டிடங்கள் எண்ணப்பட்டன. அன்று உலகின் மிகப்பெரிய வடகடற் கனெற் குடியிருப்பாக அதுவே இருந்தது. கோடையில் தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்குப் பாறை வெண்பனி மூடியதுபோல் தோன்றும். 2022ஆம் ஆண்டுக் கோடையில் பறவைக் காய்ச்சல் அங்கே புகுந்தது. பாறையிலும் அலையிலும் இறந்த பறவைகள் மிதந்தன. அவ்வாண்டு யூலை முதலாந் திகதி தொடக்கம் ஸ்கொத்லாந்தின் பல பறவைத் தீவுகளில் மனிதர் கால் வைப்பது நிறுத்தப்பட்டது. இறங்க முடியாதவர்களுக்குப் படகும் கமராவும் மட்டுமே எஞ்சின. 2023ஆம் ஆண்டில் எண்ணியபோது கூட்டிடங்கள் ஏறக்குறைய 52,000 ஆகக் குறைந்திருந்தன.

அந்தக் கோடையில்தான் இன்னொன்றும் கண்ணில் பட்டது. கனெற்றின் கண் வெளிறிய நீலம். நடுவிலே கறுத்த பாவை. கூட்டத்தில் சில பறவைகளுக்கோ அந்த நீல வளையம் முழுவதுமே கறுத்துப் போயிருந்தது. ஆய்வாளர்கள் நலமாகத் தோன்றிய 18 பறவைகளின் குருதியைச் சோதித்தனர். எட்டுப் பறவைகளில் அந்நோயை எதிர்த்து வென்ற அடையாளம் இருந்தது. அந்த எட்டில் ஏழு பறவைகளுக்குக் கண் கறுத்திருந்தது. நோயிலே விழுந்து எழுந்த பறவை தன் சாட்சியத்தைக் கண்ணிலேயே சுமந்து திரிகின்றது. அதனால் இப்போது பாஸ் றொக்கைச் சுற்றும் படகில் நிற்பவர், பறவை சிறகை நீட்டி அம்பாக மாறும் கணத்துக்காகக் காத்திருக்கும்போதே, லென்ஸை அதன் முகத்தை நோக்கியும் திருப்புகின்றார். நீலமா, கறுப்பா என்று பார்க்கின்றார்.